பாதியில் நிற்கும் வாக்கியம்: மேடையில் ரெட்டிசென்ஷியாவைக் கையாள ஒரு முழு வழிகாட்டி

நாகர்கோவிலில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்து வருகிறேன். ஜூலை பிறந்துவிட்டால் போதும், காமராசர் பிறந்தநாள், சுதந்திர தினம், ஆசிரியர் தினம் என்று போட்டிகள் வரிசை கட்டி நிற்கும். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஒரே குறைதான். ஐந்து நிமிடத்துக்கு எழுதி, மனப்பாடம் செய்து, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். எங்கே நிற்க வேண்டும், எந்த வாக்கியத்தை முடிக்காமலே விட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அப்படி முடிக்காமல் விடுவதற்கு லத்தீனில் ஒரு பெயர் இருக்கிறது: ரெட்டிசென்ஷியா. பேசுகிறவர் வேண்டுமென்றே வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியைக் கேட்பவர் மனத்துக்கு விட்டுவிடுவது. பேச்சுப் போட்டிக்குப் போகிறவர்கள், ஆலய ஆண்டுவிழாவிலோ பிரிவு உபசார விழாவிலோ நாலு வார்த்தை பேச வேண்டியிருப்பவர்கள், துக்க வீட்டில் நன்றி சொல்ல எழுந்து நிற்க வேண்டியிருப்பவர்கள் எல்லோருக்கும் இது உதவும். படிப்படியாகப் போகலாம். சில படிகளில் நிறைய நேரம் நிற்போம், சிலவற்றைத் தாண்டிவிடலாம்.

முதலில், பெயரையும் பொருளையும் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

'தாசேரே' என்றால் லத்தீனில் பேசாமல் இருத்தல். அதிலிருந்து வந்தது 'ரெட்டிசேரே', சொல்ல வந்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளுதல். அதன் பெயர்ச்சொல்தான் ரெட்டிசென்ஷியா. (பழைய ரோமர்கள் இந்தச் சொற்களில் 'ச' வரும் இடத்தில் 'க' என்றுதான் ஒலித்தார்கள். இன்றைக்குப் பழகிய ஒலியையே இங்கே எழுதுகிறேன்.)

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் பேச்சுக்கலை கற்பித்தவர் குவிண்டிலியன். பேச்சாளனை உருவாக்குவது பற்றி 12 புத்தகங்கள் எழுதியவர். ஒன்பதாவது புத்தகத்தில் இதைப் பற்றிப் பேசுகிறார். கிரேக்கர்கள் 'அப்போசியோப்பேசிஸ்' என்று சொன்னதைத்தான் ரோமின் பெரிய பேச்சாளரான சிசரோ ரெட்டிசென்ஷியா என்றார், செல்சஸ் வேறொரு பெயர் சொன்னார், சிலர் 'இடைமுறிவு' என்று பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தினார்கள் என்கிறார். கோபம், கவலை, சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம், இப்படி மனம் தளும்பும் இடங்களில் இது வரும் என்பது அவர் விளக்கம்.

கோபத்துக்கு அவர் காட்டும் உதாரணம் ரோமக் கவிஞர் வர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தில் முதல் காண்டத்தில் வருகிறது. கடல் தெய்வமான நெப்டியூனைக் கேட்காமல் காற்றுகள் கடலைக் கலக்கிவிடுகின்றன. தலையை வெளியே நீட்டிப் பார்த்த நெப்டியூன் காற்றுகளை அதட்டுகிறான்: 'குவோஸ் எகோ...' அவ்வளவுதான். 'உங்களை நான்...' என்று அர்த்தம். வினைச்சொல் வரவில்லை. அடுத்த மூச்சிலேயே, 'சரி, முதலில் அலைகளை அடக்குகிறதுதான் நல்லது' என்று வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான்.

நம் வீட்டில் தினமும் கேட்கிற வாக்கியம் இது. குளத்துப் பக்கம் போன பிள்ளையைப் பார்த்து அம்மா, 'உன்ன நான்...' என்று கையை ஓங்குவாள். பிறகு துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிவிடுவாள். நெப்டியூன் செய்ததும் இதேதான்.

தமிழில் இது ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பார்த்துவிடுங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்ட வேண்டாம். ரெட்டிசென்ஷியாவை வெளியிலிருந்து வந்த பொருளாக நினைத்துப் பழகினால் மேடையில் அது ஒட்டாது. நம் மொழிக்குள்ளேயே அதன் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் வாயில் தானாக வரும்.

தொல்காப்பியத்துக்குப் பாயிரம் பாடிய பனம்பாரனார், பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசான் முன்னால் அந்த நூல் அரங்கேறியதாகச் சொல்கிறார். அந்த அதங்கோடு நம் மாவட்டத்து அதங்கோடுதான் என்று நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். அந்த நூலின் எச்சவியலில், வாக்கியத்தில் சொல்லாமல் எஞ்சி நிற்கும் பொருள் பத்து வகை என்று ஒரு நூற்பா எண்ணிக் காட்டுகிறது. பிரிநிலை, வினை, பெயர், ஒழியிசை, எதிர்மறை, உம்மை, என, சொல், குறிப்பு, இசை. பத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பேச்சாளருக்கு மிக அருகில் இருப்பது ஒழியிசை, அதாவது சொல்லாமல் ஒழிந்ததைக் கேட்பவரே உணர்ந்துகொள்ள விடுவது.

அந்தப் பொருளைத் தருவது 'மன்' என்று ஓர் இடைச்சொல். 'கூரியதோர் வாள்மன்' என்பது உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம். 'கூர்மையான வாள்தான்...' என்று சொல்லி நிறுத்தினால், 'ஆனால் உறுதி இல்லை' என்றோ 'இப்போது ஒடிந்துபோயிற்று' என்றோ கேட்பவர் நிரப்பிக்கொள்கிறார். இன்றைக்கு அந்த 'மன்' வேலையைத் 'தான்' செய்கிறது. பெண் பார்க்கப் போகுமுன் பையனைப் பற்றி விசாரிக்கிறோம். 'பையன் நல்ல பையன்தான்...' என்று பக்கத்து வீட்டுக்காரர் இழுத்தால், அதற்கு மேல் எதுவும் கேட்காமல் எழுந்து வந்துவிடுகிறோம்.

இன்னொன்று 'தில்'. அதற்கும் ஒழியிசைப் பொருள் உண்டு. 'வருகதில் அம்ம எம் சேரி சேர' என்ற அகநானூற்று வரியைக் காட்டுவார்கள். தலைவனைப் பற்றிப் பரத்தை சொல்கிறாள்: 'வரட்டும் எங்கள் தெருப் பக்கம்...' வந்தால் என்ன செய்வேன் என்பது ஒழிந்து நிற்கிறது. (முழுப் பாட்டில் பின்னால் அவள் அதையும் சொல்லிவிடுகிறாள். ஆனால் அந்த ஒரு வரியில் நிறுத்திப் பாருங்கள், அதன் உறுமல் தனி.) நெப்டியூனையும் இந்தப் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தால் இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

எது ரெட்டிசென்ஷியா இல்லை என்றும் தெரிந்துகொள்ளுங்கள்

மூச்சு வாங்க நிற்பது இது இல்லை. அடுத்த குறிப்பைப் பார்க்க நிற்பதும் இல்லை. கைத்தட்டலுக்காகக் காத்திருப்பதும் இல்லை. அங்கெல்லாம் வாக்கியம் முடிந்துவிட்டது. இங்கே வாக்கியம் முடியவில்லை, முடியப் போவதும் இல்லை.

இன்னொன்றோடும் இதைக் குழப்பிக்கொள்வார்கள். 'அவர் செய்த உதவிகளைப் பற்றியெல்லாம் நான் பேசப் போவதில்லை, பள்ளிக்கூடத்துக்குக் கிணறு வெட்டித் தந்ததைச் சொல்லப் போவதில்லை' என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. அதற்கு லத்தீனில் வேறு பெயர், பிரெட்டெரிஷியோ. கி.மு. 63-இல், ரோமில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கட்டிலினாவுக்கு எதிராகப் பேசிய முதல் பேச்சிலேயே சிசரோ அதைக் கையாள்கிறார். 'ரொம்பப் பழைய கதையை விட்டுவிடுகிறேன்' என்று சொல்லி அந்தப் பழைய கதையையே எடுத்துவிடுகிறார். நம் பட்டிமன்ற மேடைகளில் அது ஏராளமாக உண்டு. அதில் எல்லாம் வெளியே வந்துவிடுகிறது. ரெட்டிசென்ஷியாவில் வெளியே வராததுதான் முக்கியம்.

கேட்பவர் கையில் மீதி வாக்கியத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்

எல்லாவற்றிலும் பெரிய வேலை இதுதான். நிறைய பேர் இங்கேதான் தவறுகிறார்கள். நீங்கள் விட்ட வார்த்தையைக் கேட்பவர் தானே நிரப்ப வேண்டும் என்றால், அந்த வார்த்தை ஏற்கெனவே அவரிடம் இருக்க வேண்டும். அது அவரிடம் இல்லாவிட்டால் உங்கள் மௌனம் அவருக்கு வெறும் தடுமாற்றமாகத்தான் தெரியும்.

ஓர் உதாரணத்தை முழுதாகச் செய்து பார்ப்போம். ஒரு பள்ளிக்கூட வாட்ச்மேன் ஓய்வு பெறுகிறார். மாணவி ஒருத்தி பிரிவு உபசார விழாவில் பேச வேண்டும். முதல் நாள் அவள் எழுதிக்கொண்டு வந்தது இது:

'நாளை முதல் நமது பள்ளியின் கேட்டைத் திறக்க அவர் இருக்க மாட்டார் என்பதை நினைக்கும்போது நம் அனைவரின் உள்ளமும் வேதனையில் ஆழ்கிறது.'

தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கேட்கிறவருக்கு அங்கே வேலையே இல்லை. வேதனைப்பட வேண்டியதையும் அவளே சொல்லி, எவ்வளவு வேதனை என்பதையும் அவளே அளந்து கொடுத்துவிட்டாள்.

நான் அவளிடம் கேட்டேன்: 'அவரைப் பத்தி நினைச்சா உனக்கு முதல்ல என்ன ஞாபகம் வருது மக்களே?' அவள் கொஞ்சம் யோசித்து, 'சங்கிலிச் சத்தம் சார்' என்றாள். காலையில் ஏழரைக்கு அவர் கேட்டின் சங்கிலியைக் கழற்றித் தூணில் தொங்கவிடும் சத்தம். சீக்கிரம் வந்து வெளியே காத்து நிற்கிற பஸ் பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும். அதை வைத்துத் திரும்ப எழுதினோம்:

'முப்பத்தொரு வருஷம். மழையோ வெயிலோ, காலை ஏழரைக்கு அந்தச் சங்கிலிச் சத்தம் கேட்கும். ஆறாம் வகுப்பில் நான் சேர்ந்த அன்றைக்கும் கேட்டது. பரீட்சைக்குப் பயந்துகொண்டு வந்த அன்றைக்கும் கேட்டது. இன்று காலையிலும் கேட்டது. நாளைக்குக் காலை ஏழரைக்கு...'

அங்கே நிறுத்தினாள். 'ஏழரை', 'சங்கிலிச் சத்தம்' இரண்டையும் முன்னாலேயே சொல்லிவிட்டதால், மீதி எல்லோரிடமும் இருந்தது. மூன்று முறை 'கேட்டது' என்று வந்ததால், நாலாவது முறை வர வேண்டிய 'கேட்காது' தானாகவே மனத்தில் எழும். இந்த அடுக்கை நான் வேண்டுமென்றே வைத்தேன். ஒரே வினை திரும்பத் திரும்ப வந்தால் அடுத்து அது வராதபோது காது அதைத் தேடும்.

நீங்கள் எழுதியது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நிறுத்தும் இடம் வரை மூன்று பேருக்குத் தனித்தனியாக வாசித்துக் காட்டுங்கள். 'அடுத்து என்ன சொல்ல வந்தேன்?' என்று கேளுங்கள். மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னால் சரி. ஒருவர் விழித்தாலும் முன்னால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம், திரும்பிப் போய் அதை வைத்துவிட்டு வாருங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவரிடம் வாசித்துக் காட்டுவது நல்லது. புரியாததைப் புரிந்த மாதிரி அவர்கள் தலையாட்ட மாட்டார்கள்.

வாக்கியத்தை எங்கே வெட்டுவது

இதில் தமிழுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. நமக்கு வினைச்சொல் கடைசியில் வரும். யார், யாரை, எப்போது, எங்கே என்பதெல்லாம் வேற்றுமை உருபோடு முன்னாலேயே வந்துவிடுகிறது. ஆகவே வினைக்கு ஒரு அடி முன்னால் நின்றால் மீதியெல்லாம் சொல்லியாயிற்று. 'உங்களை நான்...' என்பதில் 'ஐ' உருபு ஒன்றே போதும், ஏதோ ஒரு வினை அந்த 'உங்களை' மேல் விழப் போகிறது என்று தெரிந்துவிடும்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வெட்டுமிடங்கள் நாலு. வினைக்கு முன்னால் வெட்டுவதைப் பார்த்துவிட்டோம். இரண்டாவது, 'ஆல்' விகுதிக்குப் பின்னால்: 'அன்றைக்கு அந்த பஸ்ஸை மட்டும் விட்டிருந்தால்...' எச்சரிக்கைக்கும் ஏக்கத்துக்கும் இரண்டுக்கும் இது பொருந்தும், குரலை மாற்றினால் போதும். மூன்றாவது, 'தான்', 'ஆனால்' இவற்றுக்குப் பின்னால். இது குறை சொல்லும் சாயல் உள்ளது, கவனமாகக் கையாள வேண்டும். நாலாவது, ஒருவர் 'என்று' சொல்லிப் போனதோடு நிறுத்தி, பிறகு நடந்ததை விட்டுவிடுவது: 'வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்...' இது எல்லாவற்றிலும் கனமானது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வெட்டக் கூடாத இடமும் ஒன்று உண்டு. எழுவாயை மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். 'காமராசர்...' என்று நிறுத்தினால் அடுத்த வரி மறந்துபோயிற்று என்றுதான் நடுவர் எழுதுவார்.

அது எனக்கே நடந்தது. கல்லூரியில் படித்தபோது ஒரு போட்டியில் மிகவும் உருக்கமான இடத்தில் நிறுத்தினேன். பார்வையைக் கீழே தாழ்த்தி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் இருந்த ஓர் ஆசிரியை என்மேல் இரக்கப்பட்டு அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். மதிப்பெண் தாளில் 'மனப்பாடம் போதாது' என்று எழுதியிருந்தது. அன்றைக்கு ரொம்ப வலித்தது. ஆனால் நடுவர் மேல் தப்பில்லை. மறந்தவன் எப்படி நிற்பானோ அப்படியேதான் நான் நின்றிருந்தேன்.

உடம்பால் நிறுத்துங்கள்

ஆகவே கண்ணைத் தாழ்த்தாதீர்கள். யாராவது ஒருவரைப் பார்த்துக்கொண்டே நிறுத்துங்கள். மேலே பார்த்தால் யோசிப்பது போலவும், கீழே பார்த்தால் மறந்தது போலவும் இருக்கும். கையைப் பாதி தூக்கியிருந்தால் அப்படியே வையுங்கள், கீழே இறக்க வேண்டாம். நிறுத்தும் முன் கடைசிச் சொல்லில் குரல் இறங்கக் கூடாது. குரல் இறங்கினால் வாக்கியம் முடிந்ததாகக் காது எடுத்துக்கொள்ளும். 'ஏழரைக்கு' என்ற சொல்லின் கடைசி 'கு' மேலேயே நிற்க வேண்டும், படியில் ஒரு காலைத் தூக்கி வைத்த மாதிரி.

எவ்வளவு நேரம்? மனத்துக்குள் நிதானமாக மூன்று எண்ணுங்கள். மேடையில் நிற்பவருக்கு அது மூன்று நிமிடம் போலத் தெரியும். பயந்துபோய் ஒன்றிலேயே ஆரம்பித்துவிடாதீர்கள்.

இதை நான் புத்தகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. ஊர்க் கோயில் கொடைவிழா வில்லுப்பாட்டில் கற்றுக்கொண்டேன். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு வில்லுப்பாட்டை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நடுவில் வில், அதில் மணிகள். புலவர் இரண்டு கையிலும் வீசுகோல் பிடித்து நாணைத் தட்டியபடி கதை சொல்வார். குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று சுற்றிலும் மற்றவர்கள். புலவர் ஒவ்வொரு வரி சொன்னதும் பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார். கேட்கிற நமக்கு அந்த 'ஆமா' மூச்சு மாதிரி பழகிவிடும்.

ஒரு கொடையில் முத்துப்பட்டன் கதை பாடினார்கள். பட்டன் மாடுகளை மீட்கப் போயிருக்கிறான். அவன் மனைவிகள் பொம்மக்காவும் திம்மக்காவும் வீட்டில் காத்திருக்கிறார்கள். நாய் மட்டும் திரும்பி ஓடி வருகிறது. நள்ளிரவு தாண்டியிருக்கும். புலவர் பாட்டை நிறுத்தி வசனத்துக்கு வந்தார்.

'நாயி ஓடி வருது.'

'ஆமா.'

'மேலெல்லாம் ரெத்தம்.'

'ஆமா.'

'பின்னாடி அவன் வாறானான்னு ரெண்டு பேரும் எட்டிப் பாக்கா...'

'ஆமா' வரவில்லை. வீசுகோல் இரண்டும் நாணுக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றன. குடம் அடிப்பவர் கை குடத்தின் வாயிலேயே ஒட்டியிருந்தது. வில்லில் கட்டிய மணி ஒன்று மட்டும் கடைசியாகச் சிணுங்கி அடங்கியது. புலவர் யாரையும் பார்க்காமல் இல்லை, எதிரே உட்கார்ந்திருந்த வயதான ஒரு பாட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பாட்டி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் உடுக்கை மெல்ல எழுந்தது.

அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் கதை தெரியும். பட்டன் செத்துவிட்டான் என்பதைப் புலவர் சொல்லவே இல்லை. அவர் நிறுத்தியது தன் வார்த்தையை மட்டும் இல்லை, வழக்கமாக வர வேண்டிய 'ஆமா'வையும் சேர்த்து நிறுத்தினார். இரவு முழுக்க வந்துகொண்டிருந்தது திடீரென்று இல்லாமல் போனதும் ஏதோ நடந்துவிட்டது என்று உடம்புக்கே தெரிந்துவிட்டது. உங்கள் பேச்சிலும் இப்படி ஒன்றைப் பழக்கிவிட்டு எடுத்துவிடலாம். 'கேட்டது, கேட்டது, கேட்டது' என்று நாங்கள் அடுக்கியது இந்த 'ஆமா'விலிருந்து வந்ததுதான்.

நிறுத்திய பிறகு என்ன செய்வது

விட்ட வாக்கியத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். நெப்டியூன் 'சரி, முதலில் அலைகளை அடக்குவோம்' என்றது நல்ல முன்மாதிரி. வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். வாட்ச்மேன் பேச்சில் மாணவி மூன்று எண்ணிவிட்டு, 'அண்ணே, கொஞ்சம் மேடைக்கு வாங்க' என்றாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. 'அதாவது, நாளை முதல் அவர் இருக்க மாட்டார் என்று சொல்ல வந்தேன்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அத்தனையும் வீண்.

ஒரு பேச்சில் ஒரு முறை போதும். இரண்டாவது முறை நிறுத்தினால் கூட்டம் உங்கள் வித்தையைக் கவனிக்க ஆரம்பித்துவிடும்.

எழுத்தில் என்றால் மூன்று புள்ளி போதும். ஆனால் பத்திக்குப் பத்தி புள்ளி வைத்தால் படிப்பவருக்கு ஒரு இடமும் உறைக்காது.

எங்கே செய்யவே கூடாது

சிசரோ காலத்தை ஒட்டி லத்தீனில் எழுதப்பட்ட பேச்சுக்கலை நூல் ஒன்று உண்டு. ஹெரேனியஸ் என்பவருக்கு எழுதியது. ஆசிரியர் யாரென்று தெரியாது, வெகுகாலம் சிசரோவே எழுதியதாக நினைத்திருந்தார்கள். அதில் இந்த உத்திக்குத் தரும் உதாரணம் இப்படிப் போகிறது: 'இப்போது இதைப் பேச உனக்குத் துணிச்சல் வந்ததா? அண்மையில் இன்னொருவர் வீட்டில் நீ... வேண்டாம், உனக்குத் தகுந்ததைச் சொல்லப் போய் எனக்குத் தகாததைச் சொன்னவனாக நான் ஆகிவிடுவேன்.' வெளிப்படையாக விளக்குவதைவிடச் சொல்லாத சந்தேகம் கொடுமையாகப் பதிகிறது என்று அந்த நூலே குறிப்பு எழுதுகிறது.

அந்தக் குறிப்பு உண்மை. அதனால்தான் இப்படிச் செய்யாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன். 'இன்னொருவர் வீட்டில் நீ...' என்று நிறுத்தினால், கேட்ட ஐம்பது பேரும் ஐம்பது கதை கட்டுவார்கள். அந்த மனிதர் எதை மறுப்பார்? யாரும் எதையும் சொல்லவில்லையே. ஊர்க்கூட்டத்தில் கணக்கு கேட்க எழுந்த ஒருவர், 'பொருளாளர் நல்ல மனுசன்தான், போன வருஷக் கொடைக்கு அப்புறம் மட்டும்...' என்று இழுத்துவிட்டு உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். கணக்கில் ஒரு ரூபாய் குறையவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் அந்தப் பொருளாளர் அடுத்த கொடைக்கு முன்வரிசைக்கு வரவில்லை. குற்றம் சொல்வதாக இருந்தால் முழு வாக்கியத்தில், தேதியோடு, தொகையோடு சொல்லுங்கள். அப்போதுதான் எதிரில் இருப்பவருக்கும் பதில் சொல்ல வழி இருக்கும்.

கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் இதற்கு நேர்மாறாகச் செய்தார். கி.மு. 330-இல் தன் வாழ்நாளின் பெரிய வழக்கில் பேசத் தொடங்கும்போது, 'தோற்றால் எனக்கு...' என்ற இடத்தில் நிறுத்தி, 'பேச்சின் தொடக்கத்திலேயே அபசகுனமாக எதையும் சொல்ல விரும்பவில்லை' என்கிறார். தனக்கு வரக்கூடிய கெடுதலைத் தன் வாயால் சொல்லாமல் விடுகிறார், அடுத்தவர் மேல் எதையும் ஏவவில்லை. இது நமக்கும் நன்றாகப் புரியும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வாறேன்' என்கிறவர்கள் நாம்.

துக்கத்தைப் பேசும்போது இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டும். தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்து மாணவி ஒருத்தி, 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலைப் பற்றிப் பேச விரும்பினாள். அந்தப் பக்கத்து ஆட்கள் விசைப்படகில் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கிறவர்கள். அவள் எழுதிய கடைசி வரி: 'கிறிஸ்மஸுக்கு வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான் மாமா போச்சு...' பக்கத்து வீட்டு மாமா. நாலாவது வெட்டுமிடம், 'என்று'. அதைவிடச் சரியான இடத்தில் ஒரு வாக்கியத்தை நிறுத்த முடியாது.

எழுதியது நன்றாக இருந்ததால்தான் நான் தயங்கினேன். 'அந்த அத்தை கிட்ட கேட்டியா?' என்றேன். கேட்கவில்லை. அந்த மௌனம் அவளுடையது இல்லை, அந்த அத்தையுடையது. இரண்டு நாள் கழித்து வந்தாள். அத்தை அழுதாராம், பிறகு 'சொல்லு மோளே, எல்லாரும் மறந்துட்டாங்க' என்றாராம். கூடவே ஒரு திருத்தமும் சொல்லியனுப்பியிருந்தார். மாமா 'கிறிஸ்மஸுக்கு' என்று சொல்லவில்லையாம், 'குடில் கெட்ட வந்துருவேன்' என்றாராம். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் குடில் கட்டிக் கொடுப்பது அவர்தானாம்.

நாங்கள் பேச்சில் எங்கேயும் அதற்கு விளக்கம் சேர்க்கவில்லை. 'குடில் கெட்ட வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான் போச்சு...' என்று நிறுத்தியபோது அரங்கில் பின்வரிசையில் இருந்த கடற்கரைப் பிள்ளைகள் முதலில் தலை குனிந்தார்கள். பெற்றோர்கள் பக்கம் அது மெல்லப் பரவியது.

ஒரு வாரப் பயிற்சி

முதல் இரண்டு நாள் எழுத வேண்டாம். காது கொடுத்துக் கேளுங்கள். வீட்டில், பஸ்ஸில், வடசேரிச் சந்தையில் யார் யார் வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குப் பத்தாவது கிடைக்கும். எந்தச் சொல்லில் நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள்.

மூன்றாம் நாள் உங்கள் பேச்சில் நிறுத்தும் இடத்தை முடிவு செய்து, முன்னால் வைக்க வேண்டியதை வையுங்கள். நாலாம் நாள் மூன்று பேரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

ஐந்தாம் நாள் முடிந்தால் கடற்கரைக்குப் போங்கள். அலை ஓசைக்கு எதிராக டெமாஸ்தனிஸ் பேசிப் பழகியதாக ஒரு கதை உண்டு, அது குரலுக்காக. நான் பிள்ளைகளை முட்டத்துக்கு அழைத்துப் போவது மௌனத்துக்காக. பாறைமேல் அலை வந்து மோதும் நேரத்தில் வாக்கியத்தை நிறுத்தச் சொல்வேன். நீங்கள் பேசாத இடத்தை அலை நிரப்பிவிடும். பேச்சு நின்றால் உலகம் இடிந்து விழாது என்று உடம்பு அங்கேதான் நம்பத் தொடங்கும். ஆறாம் நாள் மின்விசிறி ஓடுகிற அறையில் செய்யுங்கள், ஏழாம் நாள் அதையும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம், மேடை ஏறும் அன்றைக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நீங்கள் நிறுத்தியதும் மைக் செத்துப்போயிற்று என்று நினைத்து மைக் செட்காரர் ஓடி வந்து தட்டிப் பார்ப்பார், அல்லது சத்தத்தைக் கூட்டுவார், உடனே கீ என்று இரையும். மணி அடிக்க உட்கார்ந்திருப்பவரும் நேரம் முடிந்ததாக நினைத்து அடித்துவிடக் கூடும். அரை மணி நேரம் முன்னாலேயே போய் இருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: 'அண்ணே, கடைசியில ஒரு இடத்துல கொஞ்சம் நிப்பேன். ஒண்ணும் தொடாதீங்க.'